ஏற்காடு ஏறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எஞ்ஜினைக் கொதிக்க வைக்கும் தவறுகள்

எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய வண்டி ஏற்காடு மலையில் பாதியிலேயே கொதித்து நின்றால், 20 கொண்டை ஊசி வளைவுகள் மீதுதான் பழி போடுகிறோம். கோளாறு பெரும்பாலும் சேலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். சில எஞ்ஜின்களில் சூடான தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்ஜினுக்குத் திரும்பும். மலையில் சூடு இன்னும் ஏறும். சந்தேகமிருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

அடுத்தது போர் தண்ணீர். உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்புக்காரை படியும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பாதி அடைத்திருக்கும். வண்டி நன்றாகச் சூடானதும் எஞ்ஜினை நிறுத்தி, எலக்ட்ரிக் ஃபேன் இருந்தால் அதன் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டர் முகப்பில் படாமல் உள்ளங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். திட்டுத் திட்டாகச் சூடு குறையும் இடத்தில் அடைப்பு. பட்டறையில் தொட்டியைப் பிரித்துக் குத்தி எடுத்த பிறகு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் அலட்சியம் செய்யக் கூடாது. சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் அந்த அளவு உயரும். ரப்பர் வெடித்த மூடி பிடிக்காது. அதற்காகக் கம்பெனி சொன்னதைவிட அதிக அழுத்த மூடி போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்டுவிடும்.

தளர்ந்த ஃபேன் பெல்ட், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (தீப்பொறி தாமதமாக விழுவது), கிரில்லை மறைக்கும் கூடுதல் விளக்குகள் எல்லாம் ஒரே நாளில் சரிசெய்யக்கூடியவை.

எனக்கு மிகவும் பயம் தருவது டெம்பரேச்சர் மீட்டர் முள். ஏறிக்கொண்டே இருந்த முள் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் போய்விட்டால் சென்சார் ஆவியில் நிற்கும், முள் பொய் சொல்லும். அப்படியே ஓட்டினால் எஞ்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட்டே வளைந்துவிடும். உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கையால் அமுக்கும் அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்ஜினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.