அட்டமி நிலாவைப் படம் பிடிப்பது எப்படி? கொழும்பு மொட்டை மாடியிலிருந்து ஒரு செய்முறை

"அட்டமி, நவமியில் புதிதாக ஒன்றையும் தொடங்காதே" என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அதனால்தானோ என்னவோ, நான் முதன்முதலாகக் கெமராவை வானத்தை நோக்கித் திருப்பியது, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில் அரை மணி நேரம் கழுத்து வலிக்க நின்று எடுத்த பௌர்ணமியை அம்மாவிடம் காட்டினேன். "தெருவிளக்கையா எடுத்தாய்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. பௌர்ணமியன்று சூரியன் நமக்குப் பின்னால் நின்று நிலாவின் முகத்துக்கு நேரே ஒளி பாய்ச்சுகிறது. மலையும் குழியும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, நிழல்தான் இல்லை. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் எப்படித் தெரியும்? அரை நிலா தெரியும் வளர்பிறை அட்டமியில் ஒளி பக்கவாட்டில் விழுகிறது. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒவ்வொரு குழியும் தன் விளிம்பின் நிழலைத் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டு நிற்கும். ஆக, பெரியவர்கள் ஒதுக்கிய நாள்தான் நமக்கு முகூர்த்த நாள்.

(இலங்கையில் 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறுக்குப் பதிலாக, நிலாவின் நான்கு கட்டங்களிலும் வரும் போயா நாட்களை ஒட்டியே வார விடுமுறை இருந்தது. அரை நிலாவுக்கும் விடுமுறை! அந்தக் காலத்தில் கெமராவோடு பிறந்திருக்க வேண்டும் என்று சில வேளைகளில் ஏக்கமாக இருக்கும்.)

தேவையானவை

லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு கெமரா, 200 முதல் 300 மில்லிமீற்றர் வரை போகும் சூம் லென்ஸ், ஆடாத ஒரு முக்காலி. தொலைநோக்கியை இப்போதே வாங்காதீர்கள். ஆரம்ப ஆர்வத்தில் வாங்கப்படும் தொலைநோக்கிகள் பெரும்பாலும் அலுமாரிக்கு மேலே போய்ச் சேருகின்றன.

வானத்தில் நிலாவின் அகலம் அரைப் பாகைதான். லென்ஸின் குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால், சென்சரில் (கெமராவுக்குள் ஒளியைப் பதியும் தகட்டில்) விழும் நிலாவின் விட்டம் கிடைக்கும். 300 மில்லிமீற்றர் லென்ஸுக்கு அது 3 மில்லிமீற்றர்கூட வராது. எனவே முதல் படத்தில் கருப்பு வானத்தின் நடுவே ஒரு சின்ன நிலாவைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். பிறகு சுற்றிவர வெட்டிக்கொள்ளலாம்.

படி 1: நாளும் நேரமும்

பஞ்சாங்கக் கலண்டரில் வளர்பிறைச் சப்தமி முதல் தசமி வரையுள்ள நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பு வானம் நம் பக்கம். மே மாதம் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி வந்துவிட்டால் மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மின்னல்; மின்னும்போது மொட்டை மாடியில் உலோக முக்காலியோடு நிற்க வேண்டாம்.

கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் அட்டமி நிலா சூரியன் மறையும் வேளையில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். பல்கனியிலிருந்து பார்த்தால் மேல்வீட்டின் தளம்தான் தெரியும். மொட்டை மாடிக்குப் போக வழியில்லாதவர்கள் இரவு 9, 10 மணி வரை காத்திருக்கலாம். நிலா மேற்கே சரிந்து கடல் பக்கம் இறங்கி வரும். நள்ளிரவை ஒட்டித்தான் மறையும்.

மாடியில் நிற்பவர்களும் இருட்டியவுடன் அவசரப்பட வேண்டாம். பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிறீற் அந்த வெப்பத்தை மெதுவாகக் கக்கிக்கொண்டிருக்கும். அதன் மேலாக எடுத்த படத்தில் நிலாவின் விளிம்பு கொதிக்கும் நீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளியும்.

படி 2: லென்ஸை ஊருக்குப் பழக்குதல்

இதைத் தவறவிட்டு ஓர் இரவையே இழந்திருக்கிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து கெமராவை நேராக வெளியே கொண்டுபோனால், கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து வெண்புகையாகப் பூத்துவிடும். துடைத்தால் மீண்டும் பூக்கும். துடைத்த தடமும் சேர்ந்துகொள்ளும். கெமராவைப் பையில் மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, அதன் பிறகு திறவுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும்.

படி 3: அளவுகள்

டயலை 'எம்' எழுத்துக்குத் திருப்பி எல்லாவற்றையும் கையாலேயே அமையுங்கள். தானியங்கி முறையை நம்பினால், அது சுற்றியிருக்கும் கருப்பைப் பார்த்து மிரண்டு நிலாவை வெள்ளையாக எரித்துவிடும். அம்மா பார்த்த தெருவிளக்கு அப்படி வந்ததுதான்.

பௌர்ணமிக்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: துளை (ஒளி நுழையும் வாய்; எஃப் எண் குறைந்தால் வாய் பெரிது) எஃப் 11, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர் திறன்) 100, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) செக்கனில் 100இல் ஒரு பங்கு. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை, அவ்வளவுதான். அரை நிலாவில் வெயில் சாய்வாக விழுவதால் இன்னும் ஒளி வேண்டும். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200, செக்கனில் 100இல் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். பிரகாசமான விளிம்பில் விவரம் கரைந்துபோனால் ஷட்டரை விரைவாக்குங்கள். கோப்பு ரோ (RAW: கெமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும்) வடிவில் இருக்கட்டும்.

கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் பைனாகுலரை முக்காலியில் கட்டி, அதன் ஒரு கண்ணோடு கைபேசி லென்ஸை ஒட்டிப் பிடியுங்கள். திரையில் நிலாவை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். சில கைபேசிகளின் மென்பொருள் நிலாவை அடையாளம் கண்டு தானாகவே மெருகேற்றிவிடும். அது படம் பிடிப்பதில் சேர்த்தியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

படி 4: குவியம், பிறகு கிளிக்

திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, ஒளி-இருள் கோட்டில் ஒரு குழியைப் பிடித்து, குவிய வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். அட்டமியன்று அந்தக் கோட்டின் நடுப்பகுதியில் தாலமி, அல்போன்சஸ், அர்சக்கேல் என்று மூன்று பெரிய குழிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். தாலமியின் குறுக்களவு சுமார் 150 கிலோமீற்றர்; கொழும்பையும் கண்டியையும் சேர்த்து அதற்குள் வைத்துவிடலாம். அதன் விளிம்பு கத்தி போலத் தெரிந்தால் குவியம் சரி. உடனே தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள்.

விரலால் பொத்தானை அழுத்தினாலே படம் அதிரும். 2 செக்கன் டைமரைப் போடுங்கள். என்னைப் போலக் கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: ரயில் போய் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒரு முறை 40 படங்களில் ஆறு மட்டும் ஏன் இரட்டை விளிம்போடு வந்தன என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். படம் எடுத்த நேரங்களைப் பார்த்த பிறகுதான் மாத்தறை ரயில் நினைவுக்கு வந்தது.

நிலா தன் அகலத்தளவு தூரத்தை இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடும். சட்டகத்தை அடிக்கடி திருத்தியபடி 50 படங்களாவது எடுங்கள்.

படி 5: அடுக்குதல்

ஒரே படத்தை ஏன் 50 தடவை? காற்று ஒவ்வொரு கணமும் வேறு விதமாக நடுங்குகிறது. நடுக்கம் குறைந்த கணங்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விவரம் தங்கும், படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளி இரைச்சல் கரையும். 16 படங்களை அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆட்டோஸ்டாக்கர்ட் இலவச மென்பொருள். படங்களைக் கொடுத்து, சிறந்த 25 சதவீதத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மையாக்கலாம். நிலாவைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் கூர்மை எல்லை மீறிவிட்டது.

கோள்களைப் படம் பிடிப்பவர்களும் இதே அடுக்கும் வேலையைத்தான் செய்கிறார்கள். 2009 ஜூலை 19 அன்று அவுஸ்திரேலியாவில் அந்தோனி வெஸ்லி என்ற ஆர்வலர் தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, முன்பு இல்லாத ஒரு கருந்தழும்பைக் கண்டார். ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதிய வடு அது. அவர் சொன்ன பிறகுதான் பெரிய ஆய்வுக்கூடங்கள் அந்தப் பக்கம் திரும்பின. நான்கு நாளில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் அதைப் படம் எடுத்தது.

படி 6: நிலா இல்லாத இரவுக்கு

கொழும்பு வெளிச்சத்தில் பால்வீதியைத் தேடாதீர்கள், கிடைக்காது. பிரகாசமான நட்சத்திரக் கூட்டங்கள் கிடைக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் ஊருக்குப் போகிறவர்கள் போய் நகரம் வெறிச்சோடும் நேரம், இரவு 11 மணியளவில் தெற்கே தென் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அடிவானிலிருந்து சுமார் 23 பாகை உயரம். நீட்டிய கையின் முட்டி இரண்டுக்குச் சற்று மேல். 18 மில்லிமீற்றர் லென்ஸ், மிகப் பெரிய துளை, ஐ.எஸ்.ஓ. 800, 5 செக்கன். 20 செக்கன் வைத்தால் வானம் தெருவிளக்கின் நிறத்தில் வெளுத்துவிடும்.

அதற்கு வலப்பக்கம், மேற்கே, அதே போலத் தோன்றி ஏமாற்றும் பொய்ச் சிலுவை ஒன்றும் உண்டு. முதல் தடவை நான் எடுத்தது அதைத்தான். உங்கள் படத்தைப் பெரிதாக்கி, சிலுவையின் உச்சிப் புள்ளியைப் பாருங்கள். மற்ற மூன்றும் நீலம் கலந்த வெள்ளையாக இருக்க, அது மட்டும் செம்மஞ்சளாக இருந்தால் நீங்கள் பிடித்தது உண்மைச் சிலுவை.