சோதனை ரிசல்ட்டுக்கும் முடிவுக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கற அசம்ப்ஷன கண்டுபிடிக்கறது எப்படி?

யாராவது ஒரு சோதனைய காட்டி "அதனால இதுதான் உண்மை"ன்னு சொன்னா, முதல்ல அத ரெண்டா பிரிச்சு எழுதுங்க. அளந்து பாத்தது ஒரு பக்கம், அதுலேர்ந்து எடுத்த முடிவு இன்னொரு பக்கம். மனசுக்குள்ள பிரிச்சா பத்தாது, எழுதியே ஆகணும், ஏன்னா படிக்கும்போது ரெண்டும் ஒட்டிக்கிட்டே வரும், நடுவுல இருக்கற இடைவெளி கண்ணுல படாது. அசம்ப்ஷன், அதாவது சொல்லாமலே உண்மைன்னு எடுத்துக்கிட்ட விஷயம், உக்காந்திருக்கறது அங்கதான்.

பழகிப்பாக்க 17ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மோன்ட் பண்ண மர சோதனைய விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. 200 பவுண்டு காஞ்ச மண்ணுல 5 பவுண்டு வில்லோ கன்னு ஒண்ண நட்டு, 5 வருஷம் வெறும் தண்ணி மட்டும் ஊத்தினாரு. கடைசியில மரம் 169 பவுண்டுக்கு மேல, மண்ணுல குறைஞ்சது சுமார் 2 அவுன்ஸ். அதனால மரம் முழுக்க தண்ணியிலேர்ந்துதான் வந்துச்சுன்னாரு. அவர் இறந்தப்புறம் 1648ல இது அச்சாச்சு.

இப்ப பிரிங்க. அளந்தது மரத்தோட எடையும் மண்ணோட எடையும். அது சொல்றது "மண்ணுலேர்ந்து வரல", அவ்ளோதான். "அப்ப தண்ணிதான்"னு தாவணும்னா "மண்ணும் தண்ணியும் தவிர வேற எதுவும் மரத்துக்குள்ள போகல"ன்னு ஒரு வரி வேணும், அத அவர் சொல்லவே இல்ல. தூசி விழாம தொட்டிய மூடி வச்ச அளவுக்கு கவனமான ஆளு, ஆனா காத்து கணக்குல வரல.

கண்டுபிடிச்சது சரியான்னு பாக்க அந்த வரிய அப்படியே தலைகீழா மாத்துங்க: "வேற ஏதோ உள்ள போயிருக்கு". முடிவு விழுந்துருச்சா? அப்ப அது அந்த வாதத்துக்கு தேவையான அசம்ப்ஷன். "மண்ணு வளமா இருந்துச்சு"ங்கறத மாத்திப்பாருங்க, முடிவுக்கு ஒண்ணும் ஆகாது, அத விட்டுருங்க. இந்த டெஸ்ட் பண்ணாம தோணுறதையெல்லாம் அசம்ப்ஷன்னு அடுக்கறவங்கதான் அதிகம், அதுல வாதத்த புரிஞ்சிக்கவே முடியாம போயிரும். இன்னொண்ணு, அசம்ப்ஷன் தப்புன்னா டேட்டாவும் தப்புன்னு அர்த்தம் இல்ல, "மண்ணு இல்ல"ங்கற பாதி இன்னைக்கும் பெரும்பாலும் சரிதான்.

"தேடினோம், கிடைக்கல, அதனால இல்ல"ன்னு வர்ற வாதத்துல "இருந்திருந்தா நம்ம கருவிக்கு தெரிஞ்சிருக்கும்"னு ஒண்ணு கட்டாயம் இருக்கும். பூமி சூரியன சுத்தினா நட்சத்திரங்க வருஷத்துல கொஞ்சம் இடம் மாறி தெரியணுமே, தெரியலயே, அப்ப பூமி நகரலன்னு டெலஸ்கோப் வர்றதுக்கு முன்னாடி இருந்த வானியலாளர் டைக்கோ பிராஹே நினைச்சாரு. அவர் அளவோட துல்லியம் சுமார் 1 ஆர்க் நிமிஷம் (ஒரு டிகிரில 60ல ஒரு பங்கு; அதுலயும் 60ல ஒரு பங்குதான் ஆர்க் செகண்டு), ஆனா 1838ல பெஸல்ங்கற வானியலாளர் அளந்த நட்சத்திரத்தோட இடமாற்றம் ஒரு ஆர்க் செகண்டுல மூணுல ஒரு பங்குதான், எப்படி தெரியும்?

எலிக்கு வேலை செஞ்ச மருந்து மனுஷனுக்கும் செய்யும், ரெண்டு குரூப்புக்கும் மருந்து தவிர வேற வித்தியாசம் இல்ல, இதெல்லாம் அடிக்கடி வர்ற அசம்ப்ஷன், ரெண்டு மூணு தடவ பாத்தா பழகிரும்.

கண்டுபிடிச்சதோட நிறுத்தாதீங்க, அந்த ஒரு வரிய மட்டும் சோதிக்க என்ன பண்ணலாம்னு யோசிங்க. காத்து விஷயத்துல அத பண்ணவரு டி சோசூர்ங்கற விஞ்ஞானி, 1804ல அவர் வெளியிட்டது. மூடின பாத்திரத்துல செடி வச்சு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடையும் சேத்து அளந்தாரு, அதுலேர்ந்து கிடைச்ச கார்பன விட செடியோட எடை அதிகமாவே கூடியிருந்துச்சு, மிச்சத்துல பெரும்பகுதி தண்ணியிலேர்ந்து வந்ததுன்னு சொன்னாரு.