பழைய இசைக் கீபோர்டைக் கணினியோடு இணைப்பது எப்படி?

கீபோர்டின் பின்புறம் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான மிடி (MIDI, இசைக்கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறும் முறை) சாக்கெட்டுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 1983-இல் அறிமுகமான மிடி இன்றும் அப்படியே வேலை செய்கிறது. ஒரு யுஎஸ்பி மிடி கேபிள் போதும். பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 10-இலும் மேக்கிலும் தனி டிரைவர் தேவையில்லை.

பலர் தடுமாறுவது செருகும் இடத்தில்தான். கேபிளில் ‘இன்’ என்றிருக்கும் பிளக் கீபோர்டின் ‘அவுட்’டுக்குப் போக வேண்டும், ‘அவுட்’ பிளக் ‘இன்’னுக்கு. சில கேபிள்களில் நேர்மாறாக அச்சிட்டிருப்பார்கள். கட்டையை அழுத்தியும் கணினிக்கு எதுவும் வராவிட்டால் மாற்றிச் செருகுங்கள், ஒன்றும் கெடாது.

மிடி ஒலியைக் கடத்தாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பது போன்ற தகவல்கள் மட்டுமே போகும். அதனால் கணினியில் ஒரு மென்பொருள் இசைக்கருவியைத் திறந்து, அதன் மிடி இன்புட்டாக இந்தக் கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்டால் கீபோர்டில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ அமைப்பை (கட்டையை அழுத்தினால் கீபோர்டே ஒலிக்க வைப்பது) அணைத்துவிடுங்கள். ஒலி தாமதமாக வந்தால் குற்றம் பெரும்பாலும் கேபிளில் இல்லை, ஆடியோ டிரைவரில். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) டிரைவர் போட்டு, ஒலியைச் சிறிது சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளாகக் குறையுங்கள். 44,100 ஹெர்ட்சில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், அது சுமார் 3 மில்லிசெகண்ட்தான். படபடவென ஒலி உடைந்தால் 256-க்கு ஏற்றுங்கள்.