பின்பக்கம் பார்த்த கார் சீட்: ஆட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர்தானே என்று ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். திடீர் பிரேக்கில் எந்தக் கையும் பிடித்து நிறுத்தாது. இந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு. காரின் பின்பக்கம் பார்த்து உட்காரவைக்கும் குழந்தை சீட்டில், அடியை முதுகு முழுவதும் பகிர்ந்து தாங்கும். சீட்டில் ஒட்டியிருக்கும் எடை, உயர வரம்பு வரும்வரை முன்பக்கமாகத் திருப்பாதீர்கள். கால் மடங்கினாலும் பரவாயில்லை.

வாங்கும் முன், காரின் பின் சீட் இடுக்கில் விரலை விட்டு ஐசோஃபிக்ஸ் கம்பி (குழந்தை சீட்டை நேரடியாகக் கொக்கி மாட்டும் இரும்புக் கம்பி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா, சீட் பெல்ட்டில் மாட்டுவதை வாங்குங்கள். மாட்டும்போது சீட்டை நன்றாக அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுங்கள். பெல்ட் போகும் இடத்தில் ஆட்டினால் 1 இன்ச்சுக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோளில் வரும் வாரைக் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், வெயிலில் நின்ற காரென்றால் பக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.