மூன்று வசனமும் ஒரு தராசும்

கீழக்கரையில் கருவாடு விற்கிறேன். ரமலானில் குர்ஆனை வேகமாக ஓதி முடிப்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை!

இப்போது விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு மூன்று வசனங்கள், பொருளோடு. உங்களுக்கும் அதுவே போதும். எது குத்துகிறதோ அங்கேயே நில்லுங்கள். என்னைக் குத்தியது 83ஆம் அத்தியாயம்: வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்றே தொடங்குகிறது. படகுக்காரரிடம் தட்டு தாழ வாங்கிவிட்டு, ஈரம் போகாத நெத்திலியை நிறுத்து விற்றவன் நான்.

வசனத்தை அன்றைய ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். நெத்திலியை இன்னொரு வெயில் காயவைத்தேன். எடை இறங்கியது, வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

இரவு இஷா தொழுகைக்குப் பின் கணக்குப் பார்க்கையில், யாரிடம் எரிந்து விழுந்தோம் என்பதையும் பாருங்கள். தவறினால் மறுநாளும் அதே வசனம்தான். நான் அந்த மூன்றிலேயே நாற்பது நாள் கிடந்தேன்.