புனித ராடெகுண்டா கதைய எப்படி படிக்கணும், எப்படி சொல்லணும்

ஆகஸ்ட் 13 புனித ராடெகுண்டா திருநாள். அன்னிக்கு ஜெபக்கூட்டத்துலயோ மறைக்கல்வி வகுப்புலயோ அவங்கள பத்தி கொஞ்ச நேரம் பேசணும்னா, நெட்ல முதல்ல வர்ற பக்கத்த அப்படியே எடுத்து வாசிச்சிடாதீங்க ப்ளீஸ். ஆறாம் நூற்றாண்டுல வாழ்ந்த ஒரு பெண்ண பத்தி, நேர்ல பார்த்து பழகுன மூணு பேர் (கவிஞர் ஃபோர்த்துனாத்துஸ், கன்னியர் பவுதோனிவியா, ஆயர் கிரகோரி) எழுதி வச்சது நம்ம கைக்கு வந்து சேர்ந்திருக்கு, இது ரொம்ப அபூர்வம். அந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கணும், அவ்ளோதான் விஷயம்.

முதல்ல காலவரிசைய ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. "பக்தியான ஒரு ராணி இருந்தாங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, போர்ல இருந்து ஆரம்பிங்க. சுமார் 520ல, இப்போ ஜெர்மனியோட நடுப்பகுதியா இருக்குற துரிங்கியாவுல அரசகுடும்பத்துல பிறந்தாங்க. அப்பாவ கொன்னது சொந்த சித்தப்பா பெரியப்பா வகையில ஒருத்தர்தான், ஹெர்மன்ஃப்ரிட்னு பேரு, அவர் வீட்டுலயே வளர்ந்தாங்க. 531ல, இப்போ பிரான்ஸ் இருக்குற பகுதிய ஆண்ட பிராங்க் அரசர்கள் அந்த நாட்ட அழிச்சப்போ, குளோத்தார்ங்குற அரசன் இந்த சின்னப் பொண்ண கொள்ளைப் பொருளோட சேர்த்து தூக்கிட்டுப் போனான், வளர்த்து சுமார் 540ல கல்யாணமும் பண்ணிக்கிட்டான். அவனுக்கு ஏற்கனவே வேற மனைவிகளும் இருந்தாங்க. அப்புறம் இவங்க கூடப்பிறந்த தம்பியவே கொல்ல வச்சான். இவங்க அரண்மனைய விட்டு கிளம்புனது அதுக்கு அப்புறம்தான். இத சொல்லாம துறவறத்த மட்டும் சொன்னா கேக்குறவங்களுக்கு ஒண்ணுமே புரியாது.

அடுத்து ஃபோர்த்துனாத்துஸ் எழுதுனத படிங்க. இத்தாலியில இருந்து வந்த கவிஞர், அவங்களுக்கு நெருங்கின நண்பர், பின்னாடி பிரான்ஸ்ல இருக்குற புவாத்தியே நகர ஆயர் ஆனவர். இதுல கண்டிப்பா எடுக்க வேண்டியது நொயோன் ஆலயத்துல நடந்த காட்சி. ஆயர் மெதார்துகிட்ட போய் என்னை கடவுளுக்கு அர்ப்பணிச்சு வைங்கன்னு கேக்குறாங்க, ஆனா பிராங்க் பிரபுக்கள் ராணிய பிரிக்காதேன்னு ஆயரையே பீடத்துல இருந்து பிடிச்சு இழுக்குறாங்க, அவர் தயங்குறார். இவங்க என்ன பண்ணாங்கன்னா குருக்கள் உடை மாத்துற அறைக்குள்ள போய் தானே துறவு உடைய போட்டுக்கிட்டு நேரா பீடத்துக்கு வந்து, கடவுள விட மனுஷனுக்கு பயப்பட்டீங்கன்னா இந்த ஆட்டோட ஆன்மாவுக்கு நீங்கதான் கணக்கு சொல்லணும்னு சொல்றாங்க. அவர் உடனே கைகளை வச்சு திருத்தொண்டரா ஏற்படுத்துறார். எனக்கு இந்த இடம் எத்தன தடவ படிச்சாலும் சிலிர்க்கும்.

ஆனா இதே புத்தகத்துல தவக்காலத்துல இரும்புச் சங்கிலி கட்டிக்கிட்டது, காய்ச்சுன உலோகத்தால உடம்புல சூடு வச்சுக்கிட்டதுன்னு வரும். சின்னப் பிள்ளைங்ககிட்ட இத சொல்லாதீங்க. பெரியவங்ககிட்ட சொன்னாலும், மறைசாட்சியா சாகுற வாய்ப்பு இல்லாத காலத்துல ஒரு புனிதைய எப்படி காட்டணும்னு அந்த கவிஞர் யோசிச்சிருக்கார்ங்குறதயும் சேர்த்து சொல்லுங்க.

அடுத்து பவுதோனிவியா எழுதுனது, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ராடெகுண்டா அரண்மனைய விட்டு வந்து புவாத்தியேல தொடங்குன மடத்துலயே வளர்ந்த கன்னியர் இவங்க, ஆயர் சொன்னத நான் திரும்ப சொல்லல, அவர் விட்டத சொல்றேன்னு ஆரம்பத்துலயே எழுதிட்டாங்க. ஃபோர்த்துனாத்துஸோட வரலாறுல இல்லாத பெரிய விஷயமெல்லாம் இதுல இருக்கு. அரசர்கள் சண்டை போடும்போதெல்லாம் ஒவ்வொருத்தருக்கும் கடிதம் எழுதி சமாதானம் கேட்டது, 569ல பைசாந்திய பேரரசர் இரண்டாம் ஜஸ்டின்கிட்ட இருந்து திருச்சிலுவைத் துண்டு வரவழைச்சது, உள்ளூர் ஆயர் மரோவேயுஸ் அத வரவேற்க மாட்டேன்னு போனதும் அரசர் சிகிபெர்ட்கிட்ட முறையிட்டு அப்போதைய தூர்ஸ் ஆயர் யூஃப்ரோனியுஸ வச்சு நிறுவுனது. முதல் புத்தகத்த மட்டும் படிச்சா மடத்துக்குள்ள அழுதுக்கிட்டே இருந்த ஒரு அம்மாதான் தெரிவாங்க, இத படிச்சாதான் மடத்துக்குள்ள இருந்துக்கிட்டே நாட்டையே அசைச்ச ராணி தெரிவாங்க.

மூணாமத்தவர் கிரகோரி, பின்னாடி தூர்ஸ் ஆயர் ஆனவர், தன் வரலாற்று நூல்ல ராடெகுண்டா ஆயர்களுக்கு எழுதுன கடிதத்த அப்படியே சேர்த்திருக்கார். சின்ன வயசுல இருந்து மகளா வளர்த்த ஆக்னெச மடத் தலைவியா வச்சேன், மடத்த யாரும் கெடுக்காம பார்த்துக்கோங்க, கட்டிக்கிட்டிருக்குற மாதா கோவில்ல என்னை புதைங்கன்னு கேக்குறாங்க. நேரம் இருந்தா இத சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. 587ல அவங்க இறந்தப்போ உள்ளூர் ஆயர் வரல, அடக்கத்த நடத்தினது இந்த கிரகோரிதான்.

கணவன்கிட்ட இருந்து தப்பி ஓடும்போது அப்பதான் விதைச்ச ஓட்ஸ் பயிர் ஒரே நொடியில வளர்ந்து மறைச்சதுன்னு ஒரு கதை வரும், அழகான கதை, மக்கள் அவங்கமேல வச்ச பாசம் அதுல இருக்கு. ஆனா அந்த மூணு பேரும் சொல்லாதது, பல நூற்றாண்டு கழிச்சு வந்தது, அதனால "பின்னாடி மக்கள் சொன்ன கதை"ன்னு சொல்லிட்டு சொல்லுங்க.

கடைசியா பாட்டு. சிலுவைத் துண்டு வந்ததுக்காக ஃபோர்த்துனாத்துஸ் எழுதுனதுதான் வெக்ஸில்லா ரேஜிஸ்ங்குற லத்தீன் பாட்டு, புனித வாரத்துல இன்னிக்கும் பாடுறாங்க. அவரோட இன்னொரு லத்தீன் பாட்டான பாஞ்சே லிங்குவாவும் பாட ஆசைப்பட்டா ஒண்ணு கவனிங்க, அதே ரெண்டு வார்த்தையில தொடங்குற இன்னொரு பாட்டு 13ஆம் நூற்றாண்டுல தாமஸ் அக்குவினாஸ் எழுதுனது, பெரிய வியாழன்ல நற்கருணைக்கு பாடுறது. யூட்யூப்ல தேடுனா பெரும்பாலும் அதான் வரும், முதல் வரியில "ப்ரேலியும் செர்த்தாமினிஸ்"னு இருக்கான்னு பார்த்துட்டு பாடகர் குழுவுக்கு அனுப்புங்க.