பாட்டிலுக்குள் சேற்று உலகம்: வினோகிராட்ஸ்கி தூண் அமைக்கும் முறை

குளத்தோரச் சேறு மேலாகப் பார்த்தால் பழுப்பாக இருக்கும். விரல் நுழையும் ஆழத்துக்குக் கிளறினால் கறுப்பாகி, அழுகிய முட்டை வாடை வரும். நிறம் மாறும் அந்த இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தீர்த்தது சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள்தான். சூழல் உயிரினத்தைத் தீர்மானிக்கிறது என்பது பாதிக்கதை. உயிரினமும் தன் சூழலை உண்டாக்குகிறது என்பது மீதிக்கதை. இந்த இரண்டாவது பாதியைக் கண்ணால் பார்க்கச் சிறந்த வழி, ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880களில் கையாண்ட சேற்றுத் தூண். பாட்டிலில் நிரப்பிய சேற்றில் பச்சை, ஊதா என நுண்ணுயிரிகள் நிற அடுக்குகளாகப் பிரிந்து வளரும். செலவு மிகக் குறைவு. பொறுமைதான் வேண்டும்: 6 முதல் 8 வாரம்.

சேறு எடுப்பது

நேரான பக்கங்கள் கொண்ட, நிறமில்லாத 1 லிட்டர் பாட்டில் போதும். அகலத்தைவிட உயரம் முக்கியம், 25 செ.மீ. இருந்தால் அடுக்குகள் நன்றாகப் பிரிந்து தெரியும். பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால், கழுத்து சாயத் தொடங்கும் இடத்தில் வெட்டிவிடுங்கள்.

குளம் அல்லது தேங்கிய வாய்க்காலின் ஓரத்தில், தண்ணீருக்குள் மூழ்கிய இடத்தில், மேல்பரப்பை ஒதுக்கிவிட்டு 5 முதல் 10 செ.மீ. ஆழத்திலிருந்து எடுங்கள். கறுப்பும் வாடையும் இருந்தால் சரியான சேறு. வெறும் மணல் உதவாது. 700 மி.லி. சேறும், அதே இடத்துத் தண்ணீர் அரை லிட்டரும் வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கல், குச்சி, இலை, நத்தை, புழு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். புழு ஒன்று உள்ளே போனாலும் துளைபோட்டு அடுக்குகளைக் குழப்பிவிடும்.

நிரப்புவது

250 மி.லி. சேற்றைத் தனியே எடுத்து, அரைத்தாள் செய்தித்தாளை நகத்தளவு துண்டுகளாகக் கிழித்துப் போடுங்கள். வண்ணப்படம் இல்லாத பக்கமாக இருக்கட்டும். காகிதத்தின் செல்லுலோஸ்தான் இங்கே கார்பன் உணவு. அதோடு ஒரு தேக்கரண்டி ஜிப்சம் தூள், ஒரு தேக்கரண்டி முட்டை ஓட்டுத் தூள். ஜிப்சம் சல்பேட்டைத் தருகிறது. ஓடு கால்சியம் கார்பனேட் என்பதால் புளிப்பேறாமல் காக்கிறது. ஓட்டுக்குப் பதிலாகச் சாக்பீஸ் போடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். கரும்பலகைச் சாக்பீஸ்களில் பல உண்மையில் ஜிப்சம்தான், ஆகவே ஓட்டையே நம்புங்கள். கழிமுகச் சேறும் உப்புநீரும் கிடைத்தால் ஜிப்சம் வேண்டியதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் ஏற்கெனவே இருக்கிறது.

தண்ணீர் விட்டுக் கூழ்ப்பதத்துக்குக் கலக்குங்கள். கரண்டியைச் சாய்த்தால் கட்டியாக விழாமல் வழிந்து இறங்க வேண்டும். இதை அடியில் ஊற்றி, பாட்டிலை மேசைமீது மெல்லத் தட்டி, குச்சியால் குத்திக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றுங்கள். அதன்மேல் எதுவும் சேர்க்காத சேறு 450 மி.லி.; அதற்கும் மேல் 2 முதல் 3 செ.மீ. குளத்து நீர். விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, ஊசியால் இரண்டு துளை போடுங்கள். மூடியை இறுக்கித் திருகவே கூடாது. உள்ளே வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கலாம்.

வெளிச்சம்

பலருடைய தூண் வீணாவது இங்கேதான். நேர் வெயிலில் வைத்தால் சூடேறிக் கெடும். நல்ல வெளிச்சம் வரும் சன்னலோரம், 20 முதல் 28 டிகிரி செல்சியஸ், போதும். வெள்ளை எல்இடி விளக்கை நம்பி இருட்டறையில் வைத்தால் மேலே பச்சை வரும், கீழே ஊதா வராது. ஊதாப் பாக்டீரியாக்கள் பெரிதும் பயன்படுத்துவது நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை. வெள்ளை எல்இடியில் அது இல்லாததுபோலத்தான். பழைய டங்ஸ்டன் குண்டு பல்பில் தாராளமாக உண்டு. வைத்த பிறகு பாட்டிலைத் திருப்பாதீர்கள். வெளிச்சம் படும் பக்கத்தில் மட்டுமே நிறம் வரும்.

என்ன நடக்கிறது

முதலில் தெரிவது கறுப்பு. அடியில் காகிதத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் கரிம அமிலங்களை வெளிவிடுகின்றன. அவற்றை உண்ணும் இன்னொரு கூட்டம் ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக்கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை விடுகிறது. அது சேற்றின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு இரும்பு சல்பைடு. இனி அடியிலிருந்து சல்பைடு மேலேறுகிறது, மேலே ஆக்சிஜன் இருக்கிறது, பக்கத்திலிருந்து ஒளி விழுகிறது. ஆனால் ஆக்சிஜன் சேற்றுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. இறங்கும் வேகத்தைவிடத் தின்னும் வேகம் அதிகம். இந்த ஏற்றஇறக்கத்தில் ஒவ்வோர் இனமும் தனக்குத் தாங்கும் உயரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சல்பைடை அதிகம் தாங்கும் பச்சைக் கந்தகப் பாக்டீரியா கீழே, அதற்கு மேல் ஊதாக் கந்தகப் பாக்டீரியா, அதற்கும் மேல் துருநிறத்தில் சல்பைடை அவ்வளவாகத் தாங்காதவை, உச்சியில் ஆக்சிஜன் விடும் சயனோபாக்டீரியாவும் பாசியும். ஒன்றின் கழிவு அடுத்ததன் உணவு. எல்லாத் தூணிலும் எல்லா அடுக்கும் அச்சடித்ததுபோல வராது, திட்டுத்திட்டாகவும் வரும்.

ஒளியின் பங்கைச் சோதிக்க, வெளிச்சம் படும் பக்கத்தில் 4 செ.மீ. அகலத்தில் ஒரு கறுப்புத் தாள் முக்கோணத்தை வெளிப்புறம் இறுக ஒட்டிவையுங்கள். 8 வாரம் கழித்து உரித்தால், சுற்றிலும் ஊதாவாக இருக்க, முக்கோணத்தின் அடியில் வெறும் சேற்றுநிறம் நிற்கும். இதோடு ஜிப்சம் சேர்க்காத தூண் ஒன்றும், முழுக்கக் கறுப்புத் தாள் சுற்றிய தூண் ஒன்றும் வைத்தால்தான் ஒப்பிட முடியும். பக்கத்தில் மில்லிமீட்டர் தாள் ஒட்டி, வாரம் ஒருமுறை ஒரே தூரத்திலிருந்து படமெடுத்து, அடுக்கின் எல்லைகளைக் குறித்துவையுங்கள்.

கோளாறுகள்

தூண் முழுதும் கறுத்து வேறு நிறமே வரவில்லையா? சேற்றில் இரும்பு அதிகமாக இருக்கலாம். உண்டாகும் சல்பைடை இரும்பே பிடித்துக்கொள்வதால் மேலே எதுவும் போய்ச் சேராது. இன்னும் சில வாரம் விட்டுப் பாருங்கள்.

சேறு நடுவில் பிளந்து மேலே எழும்பினால் காகிதம் அதிகமாகிவிட்டது. மெல்லிய கம்பியை ஓரமாக இறக்கி வாயுவை விடுங்கள். சில இடங்களில் ஜிப்சத்துக்குப் பதில் முட்டை மஞ்சள் கரு சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் முழுக் கருவையும் போட்டால் நாற்றம் தாங்காது. ஹைட்ரஜன் சல்பைடு நச்சுவாயு என்பதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், முகத்தருகே திறந்து முகராதீர்கள். நீர்மட்டம் குறைந்தால் மெதுவாக ஊற்றுங்கள். குழாய்நீராக இருந்தால் ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் குறைந்த பிறகு.

முடிந்ததும் சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். குழிதோண்டி மண்ணில் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.